பட்டத்தின் மதிப்பு யாருடைய சொத்து?



'பட்டம்' என்னும் சொல்லுக்குத் தமிழில் நெடிய வரலாறு உண்டு. பண்டைய அரசர்கள் தம் படைத்தலைவர்க்கும் வணிகர்க்கும் பிறர்க்கும் ஏனாதி, எட்டி, காவிதி என்னும் பட்டங்களை அளித்துச் சிறப்பித்தனர் என்பதை இலக்கிய வகுப்பில் நீங்கள் படித்திருப்பீர்கள். அப்பட்டத்தைக் கொடுத்தவன் பெற்றவனை நேரில் அறிந்தவன். பெற்றவனைக் கண்டு வணங்கியவர்களும் அவன் ஆற்றலைக் கேள்வியுற்றவர்களே. இன்று பல்கலைக்கழகம் வழங்கும் பட்டத்தின் இயல்பு வேறு. அதில் கையொப்பமிடும் துணைவேந்தர் அம்மாணவனை அறியார். அதைப் பார்த்து வேலை தருகின்றவரும் அவனை முன்பு கண்டதில்லை. ஒருவரையொருவர் அறியாத இருவருக்கு நடுவே நின்று, 'இவன் இன்ன பாடத்தை இவ்வளவு கற்றான். யாம் சோதித்து அறிந்தோம்' என்று சொல்லும் சாட்சியே இன்றைய பட்டம்.

சந்தையில் வணிகர் வைத்திருக்கும் எடைக்கல்லில் அரசாங்க முத்திரை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கிலோ என்று பொறித்த கல் ஒரு கிலோவே என்பதற்கு அம்முத்திரை பிணை. அந்தப் பிணையை நம்பியே முன்பின் அறியாத கடையிலும் நாம் அஞ்சாமல் பொருள் வாங்குகிறோம். அந்தக் கல் நூறு கிராம் குறைந்துபோனால் இழப்பவர் யார்? மூட்டை மூட்டையாக வாங்கும் செல்வர், மண்டியிலே தம் கண்ணெதிரே நிறுத்து வாங்கிக்கொள்வார். அரைக் கிலோ, கால் கிலோ என்று அன்றாடம் வாங்கும் ஏழையே நாள்தோறும் இழப்பார். தாம் இழப்பதையும் அறியமாட்டார். பட்டத்தின் தரம் குறைவதும் இப்படிப்பட்டதே. இதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

சற்று விளக்குகிறேன். பட்டத்தின் மதிப்புக் குறையக் குறைய, வேலை தருவோர் பட்டத்தை விட்டுவிட்டு வேறு அடையாளங்களைத் தேடுகின்றனர். எந்தக் கல்லூரி என்று கேட்கின்றனர். ஆங்கிலம் எவ்வாறு பேசுகிறான் என்று பார்க்கின்றனர். யார் சொல்லி வந்தான் என்று விசாரிக்கின்றனர். போதாததற்குத் தாமே ஒரு தேர்வும் வைக்கின்றனர். தந்தையும் பாட்டனும் படித்த வீட்டுப் பிள்ளைக்கு இந்த அடையாளங்கள் பெரும்பாலும் வீட்டிலேயே கிடைத்துவிடுகின்றன. நெசவாளியின் மகளுக்கும் கூலி வேலை செய்வோரின் மகனுக்கும் கையிலிருக்கும் பரிந்துரைக் கடிதம் அந்தப் பட்டம் ஒன்றே. அதன் எழுத்து மங்கிப்போனால் அவர்கள் வேறு எதைக் காட்டுவார்கள்? தரத்தைப் பற்றிப் பேசுவோரெல்லாம் ஏழைகளைக் கல்லூரிக்கு வெளியே நிறுத்த விரும்புவோர் என்று சிலர் ஐயுறுகின்றனர். அந்த ஐயத்துக்குக் காரணம் உண்டு. அப்படி விரும்பியவர்களும் இருந்தார்கள். எனினும், தரத்தின் காவல் எல்லாரையும்விட ஏழைக்கே மிகுதியாக வேண்டும் என்பது என் துணிபு.

அந்தக் காலத்தில் எல்லாம் சிறப்பாக இருந்தன, இந்தக் காலத்தில் எல்லாம் கெட்டுவிட்டன என்று பேசுவது என் போன்ற வயதினர்க்கு எளிது. வரலாறு அதற்கு இடம் தரவில்லை. 1857-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் பல்கலைக்கழகங்கள் தோன்றின. இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்ட அவை, தொடக்கத்தில் பாடம் நடத்தவில்லை. கற்பிப்பது கல்லூரியின் கடமை. சோதித்துப் பட்டம் அளிப்பது பல்கலைக்கழகத்தின் கடமை. சென்னையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சி. வை. தாமோதரம் பிள்ளை. பின்னாளில் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் அச்சில் பதிப்பித்துத் தமிழுலகுக்குத் தந்தவர் அவரே.

கல்கத்தாவில் 1858-இல் நடந்த முதல் பி.ஏ. தேர்வின் கதை இன்னும் சுவையானது. எழுதியவர்களுள் ஒருவர்கூட எல்லாப் பாடங்களிலும் தேறவில்லை. இருவர் மட்டும் ஆறு பாடங்களுள் ஐந்தில் தேறி, ஆறாவதில் ஏழு மதிப்பெண்ணுக்கு மேற்படாத குறைவில் நின்றனர். அவ்விருவருக்கும் கருணை மதிப்பெண் அளித்துப் பட்டம் வழங்கினர். இருவருள் ஒருவர், வங்க இலக்கியத்தின் பெரும் நாவலாசிரியராக விளங்கிய பங்கிம் சந்திர சட்டர்ஜி. கருணை மதிப்பெண் என்பது நம் காலத்துக் கண்டுபிடிப்பன்று. இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு உடன் பிறந்தது! எனினும் ஒன்றை நோக்குங்கள். எத்தனை மதிப்பெண் குறைந்தது, ஏன் கருணை காட்டினார்கள் என்பது இன்றளவும் நமக்குத் தெரிகிறது. எல்லாரும் அறிய அளவோடு காட்டிய கருணை தரத்தைக் கெடுக்கவில்லை. மறைவாக, அளவின்றிக் காட்டும் கருணையே கெடுக்கும்.

தரம் பற்றிய கவலையும் பழையதுதான். கர்சன் பிரபு 1902-இல் ஓர் ஆணையம் அமைத்தார். 1904-இல் வந்த சட்டம், கல்லூரிகளைப் பார்வையிடும் அதிகாரத்தைப் பல்கலைக்கழகங்களுக்கு உறுதியாக்கிற்று. விடுதலைக்குப் பின்னர், டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-இல் அமைந்த ஆணையம், சீர்திருத்தங்களுள் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளச் சொன்னால் தேர்வுமுறையைத் திருத்துவதையே தேர்ந்துகொள்ள வேண்டும் என்று கருதியது. அவ்வாணையத்தின் பரிந்துரைவழிப் பிறந்ததே பல்கலைக்கழக மானியக் குழு. 1953-இல் தொடங்கிய அக்குழுவுக்கு 1956-இல் சட்ட வலிமை கிடைத்தது.

இக்குழுவின் பெயரில் 'மானியம்' இருப்பதால், பணம் பகிர்ந்தளிப்பதே அதன் வேலை என்று பலர் எண்ணுகின்றனர். உயர்கல்வியின் தரத்தை வரையறுத்து ஒருங்கிணைக்கும் பொறுப்பை அரசியலமைப்புச் சட்டம் மத்திய அரசுப் பட்டியலின் 66-ஆவது இனத்தில் வைத்திருக்கிறது. அப்பொறுப்பை நிறைவேற்றும் கருவியாகவே மானியக் குழு அமைந்தது. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு உண்டு என்று வரையறுக்கிறது. நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியே அதிகாரம் அளித்த நிறுவனம் ஆகியவை தவிர வேறு எவரும் பட்டம் தரலாகாது. இதை மீறினால் அச்சட்டம் விதித்த தண்டம் ஆயிரம் ரூபாய்க்கு மேற்படாதது. 1956-இல் அது பெருந்தொகை. போலிப் பட்டம் விற்போர்க்கு இக்காலத்தில் அது ஒரு வேளை விருந்துச் செலவு.

சட்டம் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு ஒரு சான்று கூறுகிறேன். சத்தீஸ்கர் மாநிலம் 2002-இல் தனியார் பல்கலைக்கழகங்களுக்கென ஒரு சட்டம் இயற்றிற்று. ஏறத்தாழ ஓராண்டுக்குள் அம்மாநிலத்தில் 112 பல்கலைக்கழகங்கள் தோன்றிவிட்டன. பலவற்றுக்குக் கட்டடம் இல்லை, வளாகம் இல்லை, ஓர் அறையே பல்கலைக்கழகமாக இருந்தது. மானியக் குழுவின் தலைவராக முன்னர் விளங்கிய அறிவியலறிஞர் யஷ்பால் இதை எதிர்த்து உச்சநீதிமன்றத்தை அணுகினார். 2005 பிப்ரவரியில் நீதிமன்றம் அச்சட்டத்தின் உயிர்ப் பிரிவுகளைச் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. முத்திரை குத்தும் அச்சையே பலர் கையில் கொடுத்துவிட்டால் என்ன நேரும் என்பதை அந்த ஓராண்டு காட்டிற்று.

கதவைக் காப்பது சட்டத்தின் வேலை. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கு 1994-இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு தர மதிப்பீட்டுக் குழு அமைந்தது. 'நாக்' என்று சுருக்கமாக அழைப்பது அதனையே. பாடத்திட்டம், கற்பித்தல், ஆராய்ச்சி, கட்டட வசதி, மாணவர் நலம், நிருவாகம், நிறுவனத்தின் விழுமியங்கள் என ஏழு வகையில் கல்லூரியை அளந்து தரக்குறியீடு தருவதாக அதன் பணி அமைந்தது. இவ்வேற்பாடு பல கல்லூரிகளுக்கு நூலகமும் ஆய்வகமும் ஒழுங்கான ஏடுகளும் வரக் காரணமாயிற்று என்பதை மறுக்க இயலாது. எனினும் எந்த ஆய்வுக்கும் ஓர் எல்லை உண்டு. எண்ணக்கூடியதை அது எண்ணும். நூலகத்தில் எத்தனை நூல் என்று எண்ணலாம். படித்த மனம் எத்தனை என்று எண்ண முடியுமா? பள்ளி ஆய்வுகளில் மேசைக்கு இருபுறமும் இருந்தவன் நான். ஆய்வு நாளன்று சுவர் வெளுத்திருக்கும். மறுநாள் கரும்பலகையில் என்ன எழுதுகிறார்கள் என்பதே கேள்வி.

எண்ணிக்கையையே பொய்யாக்கிவிட்டால் ஆய்வு என்ன செய்யும்? 2024-ஆம் ஆண்டில் நம் தமிழ்நாட்டில் வெளிப்பட்ட செய்தியை நீங்கள் படித்திருப்பீர்கள். பொறியியல் கல்லூரிகள் பல அளித்த கணக்கில், ஒரே ஆசிரியர் ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகப் பணிபுரிவதாகக் காட்டப்பட்டிருந்தது. சிலர் பெயர் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் இருந்தது. தாளில் ஆசிரியர் இருந்தார், வகுப்பில் இல்லை. 2025 பிப்ரவரியில், தர மதிப்பீட்டுக்குச் சென்ற குழுவினர் சிலரைக் கையூட்டுக் குற்றச்சாட்டின்பேரில் மத்தியப் புலனாய்வுத் துறை கைது செய்தது. வழக்கின் முடிவை நீதிமன்றம் கூறட்டும். காவலுக்கும் ஒரு காவல் வேண்டியிருக்கிறது என்பதை இச்செய்தி நமக்கு உணர்த்துகிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயென்று எண்ணிவிடாதீர்கள். இங்கிலாந்தில் 1832-இல் நிறுவிய டர்ஹாம் பல்கலைக்கழகம், தன் மாணவரைச் சோதிக்க ஆக்ஸ்போர்டிலிருந்து தேர்வாளரை வரவழைத்தது. கற்பித்தவரோடு கற்பிக்காதவரும் அமர்ந்து மதிப்பிடும் புறத்தேர்வாளர் முறை அங்குத் தழைத்தது இவ்வாறே. அத்தகைய நாட்டிலும், 2010-11-இல் நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேருக்குக் கிடைத்த முதல் வகுப்பு, 2020-21-இல் நூற்றுக்கு 37 பேருக்குக் கிடைத்தது. பெருந்தொற்றுக் காலச் சலுகைகளும் அதிற் சேரும். மாணவர் முன்னிலும் நன்றாகப் படித்திருக்கலாம். எனினும் அந்த உயர்வு முழுவதற்கும் அது காரணமாகாது என்று அந்நாட்டுக் கண்காணிப்பு அமைப்பே கூறிற்று. மாணவர் கட்டணத்தை நம்பி வாழும் நிறுவனம், மாணவரை மகிழ்விக்கும் மதிப்பெண்ணை மறுப்பது கடினம். இங்கும் அங்கும் உள்ள பொதுக் காரணம் இதுவே.

நம் நாட்டில் விடுதலை பெற்ற நாளில் பல்கலைக்கழகங்கள் 20 அளவிலேயே இருந்தன. 2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி அவை 1,168, கல்லூரிகள் 45,473, மாணவர் 4 கோடியே 33 இலட்சம். கல்லூரி செல்லும் வயதுடையோர் தொகையோடு ஒப்பிட்டால், தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை நூற்றுக்கு 47 என்ற அளவை எட்டியது. இந்த வளர்ச்சி நம் பெருமை. கூட்டம் பெருகியதால் தரம் குறைந்தது என்பதை நான் ஏற்கமாட்டேன். பந்தியில் இலை பெருகினால் உலையும் பெருக வேண்டும். இலையைப் பெருக்கிவிட்டு உலையில் நீரை ஊற்றினால், குற்றம் உண்ண வந்தவருடையதா?

நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன் ஆதலால், இத்தரக் குறைவு எங்கே மிகுதியாகச் சுடும் என்பதை அறிவேன். 2015 முதல் பி.எட். படிப்பு ஈராண்டுப் படிப்பாயிற்று. அதில் 16 வாரம் ஒரு பள்ளியில் இருந்து பயில வேண்டும். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளிக்கு அவ்வாறு வந்த பயிற்சி மாணவி ஒருவர், முதல் நாளே வருகைச் சான்றிதழை முழுவதும் நிரப்பிக் கொண்டுவந்து கையொப்பம் கேட்டார். தினமும் வர வேண்டியதில்லை என்று தம் கல்லூரியிலேயே சொன்னார்களாம். 'இருந்து கற்பித்தால் பதினாறாம் வாரம் கையொப்பமிடுகிறேன்' என்றேன். வருத்தத்தோடுதான் தங்கினார். ஏழாம் வகுப்பில் பின்னக் கணக்கு நடத்தினார். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று பாதி வகுப்பு எழுதிற்று. முதலில் பிள்ளைகளைக் கடிந்துகொண்டார். சில நாள் கழித்துப் பழைய காலண்டர் அட்டையைத் துண்டுகளாக வெட்டிக்கொண்டு வந்தார். ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடச் சிறியது. கூட்டினால் எப்படிக் குறையும் என்று பிள்ளைகளையே கேட்டார். ஒரு சிறுவன் அட்டையை அட்டைமேல் வைத்துப் பார்த்து, 'குறையாதே, டீச்சர்!' என்று கூவினான். அன்றுதான் அந்தப் பெண் ஆசிரியர் ஆனார். அவர் முதல் நாள் கேட்ட கையொப்பத்திலும் பதினாறாம் வாரம் பெற்ற கையொப்பத்திலும் இருந்த எழுத்து ஒன்றே. பொருள் ஒன்றா?

கணக்கிட்டுப் பாருங்கள். ஓர் ஆசிரியர் ஆண்டுக்கு 200 மாணவர்க்குக் கற்பிக்கிறார் என்று வைத்துக்கொண்டால், 30 ஆண்டில் 6,000 பேர். உள்ளீடற்ற ஒரு பட்டம் அந்த ஆறாயிரம் பேர் வாழ்வில் நுழைகிறது. மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர் ஆகியோர்க்கும் இதுபோன்ற கணக்கு உண்டு. இப்பிள்ளைகளுள் பெரும்பாலோர் ஏழைகள் என்பதை நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

இனி, நீங்கள் செய்யக்கூடியது யாது? 'சட்டம் இயற்றுவதும் கல்லூரியை ஆய்வதும் எங்கள் கையில் இல்லையே' என்பீர்கள். உண்மை. எனினும் உங்கள் கையில் சில உண்டு.

முதலாவது, சேருமுன் விசாரியுங்கள். பட்டம் தரும் உரிமையுள்ள பல்கலைக்கழகங்களின் பெயரையும், போலியானவற்றின் பெயரையும் மானியக் குழு வெளியிடுகிறது. பாத்திரம் வாங்கும்போது தட்டிப் பார்க்கும் நாம், மூன்றாண்டு வாழ்வைக் கொடுத்து வாங்கும் பட்டத்தைத் தட்டிப் பார்க்க வேண்டாமா?

இரண்டாவது, நாட்களை எண்ணுங்கள். ஆண்டுக்கு 30 வாரம், அஃதாவது 180 நாள், கற்பித்தல் நடைபெற வேண்டும் என்பது மானியக் குழுவின் விதி. ஒரு நாட்குறிப்பில் நடந்த வகுப்புகளைக் குறித்துவையுங்கள். நடக்காத வகுப்பைப் பணிவோடு, ஆனால் எழுத்தில், கேளுங்கள். விடுமுறை கிடைத்தது என்று மகிழும் மாணவன், எடை குறைந்ததற்காகக் கடைக்காரருக்கு நன்றி கூறும் வாடிக்கையாளன் ஆவான்.

மூன்றாவது, உங்கள் விடைத்தாளைக் கேட்டுப் பாருங்கள். திருத்திய விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பார்க்கும் உரிமை தேர்வெழுதியவர்க்கு உண்டு என்று உச்சநீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. மதிப்பெண் குறைந்ததென்று வாதாடுவதற்காக மட்டும் அதைக் கேட்காதீர்கள். எங்கே தவறினோம் என்று அறிவதற்காகவும் கேளுங்கள். மாணவர் பார்ப்பர் என்று தெரிந்தால் திருத்துகின்றவரின் பேனாவும் நிதானமாக நகரும்.

நான்காவது, பிறர் எழுத்தை உம் எழுத்தென்று காட்டாதீர்கள். ஆய்வேட்டில் பிறர் எழுத்து நூற்றுக்கு 10 பங்குக்கு மேற்பட்டால் திருத்தி எழுத வேண்டும். 60 பங்குக்கு மேற்பட்டால் ஆய்வுப் பதிவே நீங்கும் என்று 2018-இல் மானியக் குழு விதி வகுத்தது. விதிக்கு அஞ்சி நேர்மையாக இருப்பதைவிட, உம்மோடு படிக்கும் ஏழைத் தோழனை எண்ணி நேர்மையாக இருப்பது மேல். நீர் களவாகப் பெறும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் அவன் உழைத்துப் பெற்ற மதிப்பெண்ணின் விலையைச் சிறிது குறைக்கிறது.

கடைசியாக, எந்தக் குழுவும் உங்களுக்கு வைக்க முடியாத தேர்வு ஒன்று உண்டு. இன்று படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ தாய்மொழியில் விளக்கிச் சொல்லுங்கள். அவர்கள் 'ஏன்?' என்று கேட்கும் முதல் கேள்விக்கு விடை சொல்ல முடிந்தால் நீங்கள் கற்றீர்கள். முடியாவிட்டால் மறுபடியும் புத்தகத்தைத் திறவுங்கள். இத்தேர்வுக்குக் கட்டணமில்லை, கருணை மதிப்பெண்ணும் இல்லை.

முத்திரை குத்துவது அரசாங்கத்தின் கடமை. கல்லைக் குறையாமல் வார்ப்பது கல்லூரியின் கடமை. குறைந்த கல்லை நிறை என்று ஒப்புக்கொள்ளாதிருப்பது உங்கள் கடமை. உங்களுக்கு முன் உங்கள் குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாதிருந்தால், இக்கடமை உங்களுக்கு மற்றவரைவிட ஒரு பங்கு மிகுதி. ஏனெனில் காப்பாற்ற வேண்டிய சொத்து உங்களுடையது.